நிழல் யாருடைய இலாகா

நெடுங்கரிசலுக்கு நிழல் வந்து சேர்ந்ததை முதலில் கண்டுபிடித்தது ஊராட்சித் தலைவர் குருவம்மாளின் ஒற்றைக்கொம்பு வெள்ளாடு. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் மந்தைத் திடல் தகித்துக்கொண்டிருக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வானத்தில் ஒரு மேகத் துணுக்குகூட இல்லாதிருக்க, திடலின் நட்டநடுவில் அந்த ஆடு காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த சம்பந்தியைப் போல நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று கம்பை ஓங்கிக்கொண்டு போன குருவம்மாளின் ஒரு கால் கொதிக்கிற மண்ணிலும் மறு கால் குளிர்ந்த மண்ணிலும் பட்டது. மேலே பார்த்தாள், மரமில்லை, கூரையில்லை, ஒரு காக்கைகூட இல்லை. கீழே பார்த்தாள், முற்றிய புளியமரத்தடியில் விழுகிற மாதிரி அடர்ந்த நிழல், ஓரங்களில் லேசாக அசைந்தபடி, திடலில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவள் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அது எங்கிருந்து வந்தது, எதனுடைய நிழல் என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வராத மழையை ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே வாய் ஓய்ந்துபோனவர்கள், வந்த ஒன்றை நிறுத்தி வைத்து ஏன் வந்தாய் என்றா கேட்பார்கள்? நெடுங்கரிசலில் மரம் என்று சொல்லிக்கொள்ளச் சீமைக் கருவேலம் ஒன்றுதான். அதனடியில் உட்கார்ந்தால் வெயிலும் சுடும், முள்ளும் குத்தும். இரண்டு கோடைக்கு முன்னால் குருவம்மாளின் புருஷன் கருத்தப்பாண்டி அந்தக் கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போன இடத்தில் உச்சி வெயிலில் தன்னந்தனியாகச் சுருண்டு விழுந்து செத்துப்போனான். சாயங்காலம்தான் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் தூக்கிவந்து தண்ணீர் தெளித்துப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. தேர்தல் வந்தபோது, இனி இந்த ஊரில் வெயிலுக்கு ஒரு உயிரைக்கூடக் கொடுக்கமாட்டேன் என்ற ஒரே பேச்சோடு நின்றாள், ஜெயித்தாள், தெருத்தெருவாக வேப்பங்கன்று நட்டாள். கன்றுகளை ஆடுகள் தின்றன. தின்றதில் பெரும்பங்கு அந்த ஒற்றைக்கொம்பு வெள்ளாட்டினுடையது என்பதை அவளுக்கு ஓட்டுப் போடாதவர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆக, ஊர் நிழலுக்குள் குடியேறியது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார், பள்ளிக்கூடத்து வாத்தியார் மூன்றாம் வகுப்பைக் கூட்டிவந்து உட்கார வைத்தார், தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் பசைச் சட்டியோடு வந்தார்கள், பேன் பார்க்கிறவர்கள் வந்தார்கள், பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் வேறு இடமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். இப்படி இருக்கையில் மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தது. ஊரே எழுந்து போய் இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்தது. உட்கார்ந்த சூட்டோடு, மந்தைத் திடலில் கிடந்த நிழல் புறப்பட்டு, டீக்கடைச் சந்து வழியாகத் தெருவுக்குள் நுழைந்து, அழுதுகொண்டிருந்தவர்களின் தலைமேல் வந்து நின்றது. மூக்கைச் சிந்திவிட்டு ஒரு கிழவி, "நல்லது, இதுக்கும் துட்டி கேக்கத் தெரிஞ்சிருக்கு" என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள்.

அதன் குணத்தை ஊர் சீக்கிரமே படித்துக்கொண்டது. ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அங்கே வரும். எங்கே அதிகம் பேர் உட்காருகிறார்களோ அங்கே வரும். ஒற்றை ஆளுக்கு வராது. டீக்கடைக்காரர் ஒருநாள் முழுக்கத் தன் வாசலில் தனியாக உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தார், தோல் உரிந்ததுதான் மிச்சம். நாலு பேர் உட்கார்ந்தாலும் அது அசையவில்லை. ஐந்தாவது ஆளும் வந்து உட்கார்ந்தால்தான் என்னவோ ஏதோவென்று புறப்படும். இது தெரிந்ததும் மேலத்தெருவும் கீழத்தெருவும் பெண்டு பிள்ளைகளோடு எதிரெதிராக உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தன. நிழல் நடுரோட்டில் இரண்டு பக்கமும் நீண்டு வெளிறிப்போய்த் தவித்தது. குருவம்மாள் வந்து இரண்டு தெருவையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"கண்மாய்த் தண்ணிக்கு நம்ம என்ன செய்தோம்? முறை வச்சோம்லா? இதுக்கும் முறை வைங்க. அவங்கவங்க முறையில அவங்கவங்க உக்காருங்க. முறையை அடுத்தவனுக்குச் சும்மா குடுக்கலாம், விக்கக் கூடாது. ஆனா உச்சி நேரம் மட்டும் எந்தத் தெருவுக்கும் கெடையாது. அது வெட்டவெளியில வேல பாக்கறவங்களுக்கு."

முறை வைத்துப் பழகிய ஊர் என்பதால் அதற்குமேல் யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து உச்சி நேரமானால், மண்வெட்டி பிடிக்கத் திராணியில்லாத கிழடுகட்டைகள் எல்லாம் கண்மாய்க் கரைக்கு ஊர்ந்து போய், நூறு நாள் வேலைக்காரர்கள் மண் அள்ளுகிற இடத்தில் கூட்டமாக உட்கார்ந்துவிடும். நிழலும் வந்துவிடும். ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிறோமே என்று மருமகள்மாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உட்காருவதே உத்தியோகமாகி, "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று சோற்றை அவசரமாக விழுங்குகிற அளவுக்கு மிடுக்கு வந்துவிட்டது. அந்த நாட்களில் நெடுங்கரிசலில் ஒருவருக்குக்கூட மயக்கம் வரவில்லை. குருவம்மாள் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு. கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டதே என்று அழுகையாகவும் இருந்தது.

நல்ல சேதி மெதுவாகத்தான் மேலே ஏறும் என்பார்கள், ஆனால் இது ஏறியது. முதலில் தாசில்தார் கோமதிநாயகம் ஜீப்பில் வந்து பார்த்தார். அவர் பதமான மனுஷர். எதையும் தானாக முடிவெடுத்துக் கெட்ட பெயர் வாங்காதவர். "மரமா இருந்தா வருவாய்த் துறை. ரோட்டோரமா இருந்தா நெடுஞ்சாலைத் துறை. இது ரெண்டும் இல்லையேம்மா" என்று கவலைப்பட்டார். மேலே எழுதினார். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே எழுதினார்கள். கடைசியில் டெல்லியிலிருந்து சதுர்வேதி என்று ஒரு பெரிய அதிகாரி நேரிலேயே பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.

இங்கேதான் நெடுங்கரிசல்காரர்கள் தங்களுக்கே உரிய அந்தத் தப்பைச் செய்தார்கள். துணைத் தலைவர் சீனிச்சாமிக்குப் பெரிய மனிதர்கள் என்றால் கை கால் ஓடாது. "அவ்வளவு தூரத்துலருந்து வாராக, வெயில்ல உக்கார வைக்கவா முடியும்?" என்று சொல்லி ஆளைத் திரட்டி, மந்தைத் திடலில் நிழல் கிடந்த இடத்துக்கு மேலேயே, ஒரு விரல் இடைவெளி இல்லாமல், தென்னங்கீற்றால் பெரிய பந்தல் போட்டுவிட்டார். வாழை மரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, நடுவில் நாற்காலி போட்டு, அதற்கு வெள்ளைத் துண்டும் விரித்தாயிற்று.

சதுர்வேதி முன்பு இந்தப் பக்கம் வேலை பார்த்தவர். தமிழைப் புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். இளநீரைக் குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "நன்றி. நிழல் எங்கே உள்ளது?"

"நீங்க உக்காந்திருக்கதே அதுலதான்யா" என்றார் சீனிச்சாமி, கைகட்டி, பெருமையாக.

சதுர்வேதி மேலே கீற்றைப் பார்த்தார். கீழே நிழலைப் பார்த்தார். பிறகு தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தாரின் முகத்தில் வியர்வை அரும்பியது. "இது பந்தலின் நிழல் அல்லவா?" என்று அவர் கேட்டபோதுதான் சீனிச்சாமிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. குருவம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பிரிங்கப்பா" என்றாள். அதிகாரி நாற்காலியில் இருந்தபடியே இருக்க, நாலு பேர் மேலே ஏறி ஒவ்வொரு கீற்றாகப் பிரித்துக் கீழே போட்டார்கள். கடைசிக் கீற்றும் போய், மூங்கிலும் போய், மொட்டை வானம் மட்டும் நின்றது. நிழல் அவர் மடியில் முன்பிருந்தபடியே கிடந்தது. சதுர்வேதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். இன்னொரு இளநீர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அங்கேயே, அந்த நிழலிலேயே, பாகப் பிரிவினை நடந்தது. வானத்துச் சமாச்சாரம் எல்லாம் மத்தியப் பட்டியலில் வருவது, ஆகவே நிழல் மேலிருந்து விழுகிறதென்றால் அது டெல்லியுடையது. நிலம் மாநிலப் பட்டியலில் வருவது, ஆகவே நிழல் தரையில் கிடக்கிறதென்றால் அது தாசில்தார் வழியாக மாநிலத்துடையது. மேலிருந்து விழுகிறதா, கீழே கிடக்கிறதா என்று வெகுநேரம் பேசினார்கள். எந்தப் பட்டியலிலும் நிழல் என்று ஒரு வார்த்தையே இல்லை என்பதும், எதிலும் இல்லாதது எல்லாம் டெல்லிக்கே சேரும் என்பதும் கடைசியில் முடிவானது. ஆகவே நிழல் டெல்லியுடையது. அது கிடக்கிற நிலமும், அதைச் சுற்றி ஒழுங்கு காப்பதும் மாநிலத்துடையது.

"எங்களுக்கு?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"பராமரிப்பு ஊராட்சியுடையது" என்றார் சதுர்வேதி. "நாள்தோறும் கூட்டிப் பெருக்குவது, குப்பை அகற்றுவது."

"கூட்டிப் பெருக்குறத நாங்க ஏற்கெனவே செஞ்சிட்டுத்தானய்யா இருக்கோம். அதுக்கு அதிகாரம் வேற குடுக்கணுமா?" என்றாள் அவள். பின்னால் நின்ற ஊர் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நிழல் உங்களுதாவே இருக்கட்டும்யா. காலையில எடுத்துக்குங்க, சாயங்காலம் எடுத்துக்குங்க. உச்சி நேரத்துல அது எங்க இருக்கணும்ங்கறத மட்டும் எங்ககிட்ட விட்ருங்க. வெயில் எங்க அடிக்குது, யாரு அதுல நிக்கான்னு எங்களுக்குத்தான் தெரியும். அது அங்க இருந்து பாத்தாத் தெரியாது."

சதுர்வேதி கெட்டவர் இல்லை. அவர் அவளைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, நாடு முழுவதும் வெயில்தான். இதை ஒரே ஊரில் வைத்துக்கொண்டால் மற்ற ஊர்கள் என்ன செய்யும்? இதை ஆராய்ந்து, எல்லோருக்கும் வழங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆராயும்வரை இது நகரக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் குருவம்மாளைக் கஷ்டப்படுத்தியது. எத்தனையோ ஊரில் எத்தனையோ கருத்தப்பாண்டிகள் விழுந்துகொண்டுதானே இருப்பார்கள். அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அப்ப எனக்குன்னு என்னதான்யா இருக்கு?" என்று கேட்டாள்.

"கிராம சபையைக் கூட்டும் உரிமை தங்களுடையது" என்றார் அவர். "அதில் நானும் தலையிட முடியாது, வேறு எவரும் தலையிட முடியாது." அதை மரியாதையாகத்தான் சொன்னார். தாசில்தார் மட்டும், குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்தது போல ஒரு புன்சிரிப்பு சிரித்துக்கொண்டார்.

நிழலைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. வேலிக்குக் காவலாக டெல்லியிலிருந்து பிரதான் என்று ஒருவர் வந்தார். ஒடிசாக்காரர், நரைத்த மீசை, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிழலின் ஓரமாக நிற்பார். நிழல் நகராமலிருக்க வேண்டுமென்றால் மக்கள் உட்காராமலிருக்க வேண்டும் என்பதால், ஒழுங்கு காக்கும் அதிகாரத்தின்படி தாசில்தார் ஒரு தடையுத்தரவு போட்டார்: நெடுங்கரிசல் எல்லைக்குள் நாலு பேருக்கு மேல் சேர்ந்து உட்காரக் கூடாது.

ஊர் அதற்கும் பழகியது. எதற்குத்தான் பழகவில்லை? கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண், புரோகிதர், பெண்ணின் அப்பா என்று நாலு பேர் உட்கார, மற்றவர்கள் நின்றபடி அட்சதை போட்டார்கள். பந்தியை நின்றபடி சாப்பிட்டார்கள். இழவு வீட்டில் நின்றபடி அழுதார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற டீக்கடைக்கு ஐந்தாவது ஆள் வந்தால் நாலு பேரில் ஒருத்தர் எழுந்துகொள்வார். எழுந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த கடைக்குப் போய், அங்கே இன்னொருவரை எழுப்பிவிடுவார். தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நாலு நாலாகப் பிரிந்து, ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே சத்தம் போட்டுப் புறணி பேசிக்கொண்டதில் ஊரில் ஒரு ரகசியமும் மிஞ்சவில்லை. கண்மாய்க் கரைக்கு டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த கிழடுகட்டைகள் மட்டும் மறுபடியும் வீட்டு மூலையில் முடங்கிப் பேச்சு வாங்கத் தொடங்கின. குருவம்மாள் தினமும் காலையில் துடைப்பத்தோடு போய், வேலிக்குள் ஒரு மனுஷர்கூட உட்காராத நிழலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தாள்.

அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், கண்மாய்க்குள் மண் சுமந்துகொண்டிருந்த சங்கரவடிவு கூடையோடு விழுந்தாள். அவள் சீனிச்சாமியின் மூத்த மருமகள். சாகிற வயசும் இல்லை, நோவும் இல்லை. தூக்கிப் படுக்க வைக்க இடமில்லாமல், வெந்துகொண்டிருந்த கரிசல் மண்ணிலேயே சேலையை விரித்துப் படுக்க வைத்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. வியர்வை வறண்டு, கண் செருகிவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, அது வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். நெடுங்கரிசலுக்கு எதுவும் வந்துகொண்டுதான் இருக்கும். குருவம்மாள் ஓடிவந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் முந்தானையை அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாசில்தாருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, நிழலக் கொஞ்சம் கண்மாய்க்கு விடணும். ஒரு உசுரு கெடக்கு."

"அடடா. நான் மேல எழுதுறேன்ம்மா. இப்பவே எழுதுறேன். அது டெல்லிப் பொருள் பாருங்க, நான் தொட முடியாது."

"டெல்லியில கேட்டாச் சொல்வாங்களா?"

"கேக்கறதுக்கு ஒரு முறை இருக்குல்லம்மா..."

அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. "சரிங்கய்யா. நீங்க எழுதுங்க. என் கையில இருக்கறத நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை மண்ணில் போட்டாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே, கண்மாயின் இரண்டு கரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

"கிராம சபை கூடுது! நெடுங்கரிசல் கிராம சபை, இங்கன, இப்பவே கூடுது! எல்லாரும் வந்து உக்காருங்க!"

மண்வெட்டிகள் நின்றன. கூடைகள் இறங்கின. ஆனால் யாரும் உட்காரவில்லை. தடையுத்தரவு எல்லோர் முழங்காலுக்குள்ளும் புகுந்து விறைப்பாக நின்றது. மடியில் சங்கரவடிவோடு குருவம்மாள் இருந்தாள். டீக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். தீப்பெட்டி ஒட்டுகிற ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். படுத்திருப்பவளையும் சேர்த்து நாலு பேர். அதற்குமேல் ஒரு அடி யாரும் எடுத்து வைக்கவில்லை. ஊரிலிருந்து சேதி கேட்டு விழுந்தடித்து ஓடிவந்த சீனிச்சாமி கரையில் நின்று மருமகளைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், தாசில்தாருக்கு முன்னால் நிற்பது போலவே கைகட்டி நின்றார்.

"ஏன் மதினி, சட்டப்படி இது சரியா வருமா?" என்றார்.

"கொழுந்தனாரே, அந்த டெல்லிக்காரர் உங்க முன்னாலதான சொன்னாரு, கிராம சபையில எவரும் தலையிட முடியாதுன்னு? எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். நான் கூட்டிட்டேன். உக்காரவும் உக்காராததும் இனி உங்க பாடு. ஒத்தையா விட்ராதீங்கய்யா. ஒருத்தர ஒத்தையா விட்டது போதும்."

சீனிச்சாமி கட்டிய கையைப் பிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மருமகளின் காலடியில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கண்மாய் முழுக்க உட்கார்ந்தது. கரையில் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், ஊருக்குள்ளிருந்து கிழடுகட்டைகள் கம்பை ஊன்றிக்கொண்டு டூட்டிக்கு வந்து உட்கார்ந்தன, பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்தது, பேசிக்கொள்ளாத பங்காளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். மந்தைத் திடலில் பிரதான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, நிழல் கம்பி வேலிக்கு நடுவே புகுந்து, ஒரு முள்ளிலும் மாட்டாமல் வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, பருத்திக்காட்டில் காய்ந்து நின்ற மிலாறுகளைத் தாண்டி, வெடித்துக் கிடந்த கரிசலின் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி ஏறி, கண்மாய்க் கரை ஏறி, உள்ளே இறங்கி, முதலில் சங்கரவடிவின் முகத்தில் விழுந்து, பிறகு மற்றவர்கள்மேல் விரிந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து இதற்குமுன் உட்கார்ந்ததில்லை.

தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள், ஈரத்துணி போட்டார்கள். வெகுநேரம் கழித்துச் சங்கரவடிவு கண்ணைத் திறந்து, மாமனார் தன் காலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். "படு தாயி, படுத்துக்க" என்றார் சீனிச்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. குருவம்மாள் அழுதாள். கூட்டம் முழுக்கப் பார்க்க, மறைக்காமல், சத்தமாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்மானத்தைச் சொன்னாள்: நெடுங்கரிசலில் உச்சி வெயிலில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

தாசில்தார் ஜீப்பில் பறந்து வந்தார். கரையில் நின்று அத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "கிராம சபை எப்பம்மா முடியும்?"

"விவாதம் போய்க்கிட்டிருக்குய்யா" என்றாள் குருவம்மாள்.

அது இன்னும் முடியவில்லை. சாயங்காலமானால் மறுநாளைக்கு ஒத்திவைப்பார்கள், மறுநாள் எந்தத் தெருவுக்கு முறையோ அங்கே கூட்டுவார்கள், உச்சி நேரத்தில் கண்மாய்க்குள் கூட்டுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்து எப்படி என்று கேட்டபோது, குருவம்மாள் தன் ஊர்க் கிழடுகட்டைகளில் பாதியை அவர்களோடு அனுப்பி வைத்தாள். அவர்கள் அங்கே போய் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். சில நாளில் அங்கேயும் ஒரு நிழல் கிடந்தது. இங்கே இருந்தது குறையவில்லை. இதையும் தாசில்தார் மேலே எழுதினார்.

வேலி மட்டும் மந்தைத் திடலில் அப்படியே நின்றது. அதை எடுப்பதற்கு உத்தரவு வரவில்லை, காவலை விலக்குவதற்கும் வரவில்லை. பிரதான் வெறும் வெயிலுக்குக் காவல் நின்றார். ஒருநாள் உச்சி நேரத்தில் கண்மாய்க் கரையில் இருந்து குருவம்மாள் அந்தப் பக்கம் பார்த்தாள். காக்கிச்சட்டை முதுகெல்லாம் உப்புப் பூத்து, துப்பாக்கியை ஊன்றி, லேசாக ஆடிக்கொண்டு, அந்த மனுஷர் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். "எல்லாரும் எந்திரிங்க. சபையை மந்தைக்கு மாத்துறோம்."

முணுமுணுப்பு கிளம்பியது. "அவுகளுக்குக் காவல் நிக்கற ஆளுக்கா?" என்றார் டீக்கடைக்காரர். "அவுக நிழல அவுகளே குடுக்கட்டும்."

"தீர்மானத்துல நம்மூர்க்காரன்னா போட்டிருக்கு?" என்றாள் குருவம்மாள். "வெயில்ல ஒருத்தர் ஒத்தையா நிக்காருய்யா."

ஊர் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே மந்தைத் திடலுக்கு நடந்தது. பிரதான் இத்தனை பேர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துத் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தார். பயந்திருந்தார். குருவம்மாள் அவர் முன்னால் போய் நின்று, தரையைக் காட்டி, உட்காருங்கள் என்று கையால் சைகை செய்தாள். அவர் தலையை ஆட்டினார். தெரிந்த கொஞ்சம் தமிழில், "டூட்டி அம்மா. உட்கார ஆர்டர் இல்லை" என்றார்.

"சரிண்ணே, நீங்க நில்லுங்க" என்றாள் அவள். "நாங்க உக்காந்துக்கறோம்."